மீரான் மாற்றாத ரத்தம்

செய்யாத தவறுக்காக ஒருவரின் வேலையைப் போக்கினேன். உத்தரவில் கையெழுத்திட்டவர் நிர்வாகி. ஆனால் அந்த உத்தரவுக்கு ஆதாரமான கடிதத்தை எழுதியவன் நான். அவர் மீது தவறில்லை என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். அறியாமல் செய்துவிட்டேன் என்று இத்தனை காலத்தில் பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட அது நிற்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அபூர்வமான நோயாளிகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் பார்த்தவர்களில் மிக அபூர்வமானவரைப் பற்றி இப்போது எழுதுகிறேன். அந்தக் கடிதம் இல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது.

ஐம்பதுகளின் பிற்பகுதி. தென்காசியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நான் டாக்டர். இன்று அந்த ஆஸ்பத்திரி இல்லை, பெயரும் வேண்டாம். படிப்பு முடித்து நான்கைந்து வருஷம் ஆகியிருந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் உச்சத்தில் இருந்த காலம். லேப் என்பது மருந்துக் கிடங்கை ஒட்டிய ஒரு சிறிய அறை. அதைப் பார்த்துக்கொண்டவர் வடகரையைச் சேர்ந்த மீரான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கற்றுக்கொண்டு வந்தவர்.

அந்த மைக்ராஸ்கோப்பில் விளக்கு கிடையாது. அடியில் உள்ள கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி வெயிலை வாங்கிப் பார்க்க வேண்டும். குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் ஜன்னலும் இருண்டுவிடும். அப்போது மீரான் ரத்தம் தடவிய கண்ணாடி ஸ்லைடுகளை வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருப்பார். நான் அவசரப்படுத்தினால், "வெளிச்சம் இல்லாம பாத்துச் சொல்லுததுக்கு, பாக்காமலே சொல்லிரலாம் ஐயா" என்பார். ஸ்லைடுகளுக்கும் பஞ்சம். பார்த்து முடித்ததும் கழுவித் துடைத்து மறுபடி பயன்படுத்த வேண்டும் என்பது என் கண்டிப்பான உத்தரவு.

குற்றாலத்து சீசன் முடிந்த ஒரு ஐப்பசியில் மாடசாமி வந்தார். பெரிய அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கதவு நிலையை அடைக்கிற தோள்கள்.

"ஊர்ல உள்ளவன் உடம்பெல்லாம் தடவித் தடவி எது எலும்பு எது நரம்புன்னு என் கைக்குத் தெரியும் அய்யா. என் கழுத்துல ஒண்ணு உருளுது பாத்துக்கிடுங்க. அது எலும்புமில்ல, நரம்புமில்ல" என்றார்.

கழுத்திலும் இரண்டு அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. வலி இல்லை. வயிற்றைத் தொட்டேன். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் நான்கு விரல் அளவு இறங்கியிருந்தது. மலேரியாவாக இருக்குமோ என்ற நினைப்பில் ரத்தம் பார்க்கச் சொன்னேன்.

ஒரு மணி நேரத்தில் மீரானே நேரில் வந்துவிட்டார். "கொஞ்சம் வந்து பாருங்க ஐயா. வெள்ளை அணு இவ்வளவு பெருகிக் கெடந்து நான் பாத்ததில்ல."

பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்த வட்டம் முழுவதும் ஒரே சாயலுள்ள வெள்ளை அணுக்கள் நெருக்கியடித்து நின்றன. பாடப் புத்தகத்தில் மட்டும் நான் பார்த்திருந்த படம் அது. நாள்பட்ட லுகேமியா, ரத்தப் புற்று. மறுநாள் காலையில் மீரான் யாரும் சொல்லாமலே மாடசாமியிடம் இன்னொரு முறை ரத்தம் எடுத்தார். "இது சாதாரண விஷயம் இல்ல. ஒரு தடவ பாத்ததை நம்பி ஒரு மனுசன்கிட்ட சொல்லப்பிடாது" என்றார். இரண்டாவது ஸ்லைடும் அப்படியே இருந்தது. இந்த இரண்டாவது ஸ்லைடை நினைவில் வையுங்கள். என் கடிதத்தில் நான் வசதியாக விட்டுவிட்டது அதைத்தான்.

சென்னைக்குப் போய்க் கதிர் வைத்தியம் செய்துகொள்ளச் சொன்னேன். மாடசாமி மறுத்துவிட்டார். "இன்னும் எம்புட்டு நாள் கெடக்கு? அதச் சொல்லுங்க" என்றார். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் உண்மை. ஆனால் தெரியாது என்ற சொல் அப்போது என் வாயில் வராது. "ரெண்டு வருஷம். மிஞ்சினால் மூணு" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். போனவர் செய்த காரியம் பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. எழுத்தில் ஒன்றும் கிடையாது. அப்பன் உட்கார்ந்த இடத்தில் மகன் உட்காருவான், மற்றவர்கள் அங்கே பலகை போடமாட்டார்கள். நாலு பேரைச் சாட்சி வைத்து ஒருமுறை விட்டுக்கொடுத்தால் திரும்பக் கேட்க முடியாது. மகன் இல்லாத மாடசாமி தன் இடத்தை அக்காள் மகனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, சாவதற்காக வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வருஷம் முடிந்து நான்காவது சீசன் தொடங்கிய சமயம். வெளிநோயாளிகள் வரிசையில் அதே தோள்கள். காலில் முள் ஏறியிருந்தது.

"நான் இன்னும் சாகல அய்யா. கோவிச்சுக்கிடாதிய" என்றார்.

வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். கழுத்தைத் தடவினேன், ஒன்றும் இல்லை. அக்குளில் இல்லை. படுக்கவைத்து வயிற்றை அழுத்தினேன். மண்ணீரல் விலாவுக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது. மீரான் ரத்தம் எடுத்தார். என் ரத்தத்தைப் போல, உங்கள் ரத்தத்தைப் போல இருந்தது.

என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். நடுவில் ஒரு சித்திரையில் கடுமையாக அம்மை போட்டதாம். மூன்று வாரம் வேப்பிலையில் கிடந்தாராம். எழுந்தபோது உடம்பு பாதியாக இருந்தது, ஆனால் நெறி கரைந்துபோயிருந்தது. கூட வந்திருந்த அவர் மனைவி, தான் பண்பொழி மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டதால் சரியானது என்றார். அருவித் தண்ணீரில் மூலிகை இறங்குகிறது, அதனால்தான் என்று வரிசையில் ஒருவர் சொன்னார். இன்றுவரை எனக்குத் தெரிந்த காரணம் அவர்கள் சொன்னதைவிட உறுதியானது அல்ல.

அத்தோடு முடிந்திருந்தால் நான் நல்லவனாகவே ஓய்வு பெற்றிருப்பேன். குணமான மாடசாமி அக்காள் மகனிடம் தன் இடத்தைக் கேட்டிருக்கிறார். அவன் தர மறுத்துவிட்டான். மாடசாமியின் மைத்துனர் ஊரில் கொஞ்சம் செல்வாக்கு உள்ளவர். நல்ல உடம்போடு இருந்த மனிதனைச் சாகப் போகிறான் என்று சொல்லிப் பிழைப்பைக் கெடுத்துவிட்டார்கள் என்று அவர் நிர்வாகிக்கு மனு எழுதினார்.

நிர்வாகி என்னைக் கூப்பிட்டார். "ஒண்ணு வியாதி இருந்திருக்கணும், இல்ல இல்லாம இருந்திருக்கணும். இருந்த வியாதி மருந்து இல்லாம எங்க போச்சு டாக்டர்? நாளைக்குள்ள எழுதிக் குடுங்க" என்றார்.

எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நோய் தானாகப் போகும் என்று நான் படித்ததில்லை. படிக்காத ஒன்று நடக்காது என்று நம்பப் பார்த்தேன். அதைவிட, தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் என் பெயர் என்னாகும் என்று பயந்தேன். உள்ளே இருந்தது பயம் மட்டும்தான். "லேப் உதவியாளர் கவனக்குறைவாக வேறொருவரின் ரத்த ஸ்லைடை மாற்றி வைத்ததால் நேர்ந்த பிழை" என்று எழுதிக் கொடுத்தேன். அரைப் பக்கம்கூட இல்லை.

விசாரணை நிர்வாகியின் அறையில் நடந்தது. மீரான் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே மாடசாமியின் இரண்டு ஸ்லைடுகள். ஓரத்தில் ஊசியால் பெயரும் நாளும் கீறியிருந்தார்.

"இப்படி ஒண்ணு இனிமே பாக்கக் கெடைக்காதுன்னு கழுவாம வச்சிருந்தேன். ரெண்டு நாள், ரெண்டு தடவ எடுத்தது. ரெண்டு நாளும் எப்படி ஐயா மாறும்?"

நிர்வாகி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்லைடெல்லாம் கழுவி வைக்கணும்னு டாக்டரோட உத்தரவு இருக்கா இல்லையா? ஆஸ்பத்திரிப் பொருளை யாரைக் கேட்டு எடுத்து வச்சீரு?"

மீரான் என் முகத்தைப் பார்த்தார். அந்த உத்தரவு என்னுடையது. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் ஒன்று சொன்னார். என் தொழில் வாழ்க்கையில் என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அதுதான். "சரி, மாத்திட்டேன்னே வச்சுக்கிடுவோம். அப்போ அந்த ரத்தம் வேற யாருக்கோ உள்ளது. அன்னைக்கு ரத்தம் குடுத்தவுக பேரு பூரா நோட்டுல இருக்கு. அந்த ஆளைத் தேட வேண்டாமா ஐயா? ரெண்டு மூணு வருஷத்துல செத்துப்போவாருன்னு நீங்கதான சொன்னிய?"

ஸ்லைடு மாறியது உண்மை என்று நான் நம்பியிருந்தால் அந்த நிமிஷமே நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். எங்கோ ஒரு மனிதன் தன் நோய் தெரியாமல் நடமாடிக்கொண்டிருப்பான், அல்லது அதற்குள் செத்தே போயிருப்பான் அல்லவா? நான் எழுந்திருக்கவில்லை. அப்படி ஒரு மனிதன் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அன்றே வேலைநீக்க உத்தரவில் நிர்வாகி கையெழுத்திட்டார். மறுநாளிலிருந்து மீரான் வரவில்லை. ஸ்லைடுகளைக் கழுவிவிடச் சொல்லி நிர்வாகி என்னிடம் கொடுத்தார். நான் கழுவவில்லை, திறந்தும் பார்க்கவில்லை. மேஜை இழுப்பறையின் அடியில் போட்டுவைத்தேன்.

இரண்டு வருஷம் போனது. வேறொரு நோயாளி விஷயமாக மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. எனக்கு நோய்க்குறியியல் கற்றுக்கொடுத்த பேராசிரியர் அப்போது அங்கே இருந்தார். அந்தப் பொட்டலத்தையும் ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று தெரியவில்லை. யாராவது என்னைப் பிடிக்கட்டும் என்று இருந்திருக்கலாம்.

அவர் இரண்டையும் நிதானமாகப் பார்த்தார். "சந்தேகமே இல்லை. லுகேமியாதான். சாயம் ஏற்றியவர் யார்? நல்ல கை" என்றார்.

அந்த நோயாளி மருந்தில்லாமல் குணமாகிவிட்டதாகச் சொன்னேன். ஸ்லைடு மாறிப்போயிருக்கும் என்று நினைத்ததாகவும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உடம்பைத் தொட்டுப் பார்த்தாயா?"

"பார்த்தேன் சார். கழுத்தில் கட்டி. மண்ணீரல் நாலு விரல்."

"ஸ்லைடு மாறலாம். மண்ணீரலை யார் மாற்றிவைத்தார்கள்?"

அவரே தொடர்ந்தார். "இந்த வகை மிக மிக அரிதாகத் தானாகவே பின்வாங்கும். பெரிய காய்ச்சல், அம்மை ஏதாவது வந்து போன பிறகு என்று சொல்வார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது." எவ்வளவு பெரிய படிப்பாளி, எவ்வளவு சுலபமாக அந்தச் சொல்லைச் சொன்னார். பிறகு கேட்டார்: "அந்த லேப்காரர் இப்போது எங்கே?"

அந்த வாரமே வடகரைக்குப் போனேன். மீரான் வீட்டில் தறியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "வாங்க" என்றார்.

தவறு என்னுடையது என்றேன். கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்திருந்த தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "தாளு என்னத்துக்கு? அடுப்பெரிக்கவா? ஊர்ல இவுகளுக்குப் பேரே ரத்தம் மாத்துன மீரான். எம் மகளப் பொண்ணு பாக்க வந்தவுக, ரத்தம் மாத்துனவர் வீடு எதுன்னு கேட்டுல்லா வந்தாவ. அந்தப் பேரை இந்தத் தாளு மாத்துமா?"

"நீ சும்மா இரு" என்றார் மீரான். சொன்னாரே தவிர, அவர் மனைவி சொன்னதை மறுக்கவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்: "எழுதுனதை அழிக்க எழுதுனாப் போதும்னு நெனைக்கிய. ஊர்ப் பேச்சு எழுத்துல இல்லையே. எங்கன வச்சு அசிங்கப்பட்டேனோ அங்கன வந்து சொல்லுங்க. நாலு பேருக்குக் கேக்கணும்."

வருகிற திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன்.

அந்த இரண்டு மூன்று நாட்களில் பின்வாங்குவதற்கு நூறு காரணங்கள் கிடைத்தன. எனக்குக் குடும்பம் உண்டு. தலைமை டாக்டர் பதவி காலியாகப் போகிறது, அடுத்தது நான்தான் என்று பேச்சு. இதெல்லாம் உங்களுக்கும் ஒருநாள் வரும். அப்போது யோசிக்க உட்கார்ந்தீர்களானால் எழுந்திருக்கவே மாட்டீர்கள். வாக்குக் கொடுத்த நாளில் போய் நின்றுவிடுவது ஒன்றுதான் வழி.

குற்றாலத்துக்கு ஆள் அனுப்பி மாடசாமியையும் வரச் சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை காலை பத்து மணி. வெளிநோயாளிக் கூடத்தில் அறுபது எழுபது பேர். நர்சுகள், கம்பவுண்டர், வாசலில் நிர்வாகி. மீரான் சுவரோரமாக நின்றார். நான் கூடத்தின் நடுவில் நின்று சொன்னேன்: மாடசாமிக்கு நோய் இருந்தது உண்மை. மீரான் பார்த்துச் சொன்னது சரி. ஸ்லைடு மாறவில்லை. நோய் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை, அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு இவர்மீது பொய்ப்பழி போட்டேன்.

எவ்வளவு பேருக்குப் புரிந்தது என்று தெரியவில்லை. ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. முதலில் பேசியவர் மாடசாமி.

"நெறி கட்டுனது எங் கழுத்துல. இருந்துச்சா இல்லையான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா அய்யா? ரெண்டு பேரும் கண்ணாடிச் சில்லப் பாத்து அடிச்சுக்கிட்டியளே" என்றார். பிறகு மீரான் பக்கம் திரும்பி, "எம் மச்சினன் எழுதுன மனு உம்ம சோத்துல மண்ணள்ளிப் போடும்னு எனக்குத் தெரியாது பாய். மனசுல வச்சுக்கிடாதிரும்" என்றார்.

கூடத்தில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. மீரான் சிரிக்கவில்லை. ஆனால் சுவரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து நின்றார்.

நிர்வாகி என்னை அறைக்குள் கூப்பிட்டுப் பேசிய பேச்சை எழுதப் போவதில்லை. தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனது, அது நியாயம்தான். மீரானை உடனே திரும்ப எடுக்கவில்லை. அவருக்குப் பிறகு வந்த இரண்டு பேரும் நிலைக்காததால் ஏழெட்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள், அதுவும் புது ஆளாக. பழைய வருஷங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் நான்கு முறை எழுதிப் பார்த்தும் நடக்கவில்லை. அந்த நஷ்டத்தை என்னால் ஈடுசெய்ய முடியவே இல்லை. அவர் மகளுக்கு அடுத்த வருஷம் கடையத்தில் கல்யாணம் ஆனது. அழைப்பு வந்தது. போய்ச் சாப்பிட்டேன்.

மாடசாமிக்கு அருவிக்கரை இடம் திரும்பக் கிடைக்கவில்லை. ஐந்தருவிப் பக்கம் போய்ப் புதிதாகப் பலகை போட்டார். வருஷம் ஒருமுறை வந்து ரத்தம் கொடுப்பார். மீரான் எடுப்பார், இருவரும் பார்ப்போம். பத்து வருஷத்துக்கு மேல் அந்த நோய் திரும்பவில்லை. கடைசியில் அவர் இறந்தது நெஞ்சு வலியில்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. கையால் தொட்டதையும் கண்ணால் பார்த்ததையும் புத்தகத்தில் இல்லை என்பதற்காகத் தள்ளாதீர்கள். தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள், சின்ன வயதிலேயே. உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவர்தான் பழியைச் சுலபமாகப் போடக்கூடிய இடத்தில் நிற்பார். அதனாலேயே அங்கே போடாதீர்கள்.

மீரான் என்னை மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. திரும்பி வந்த நாளிலிருந்து அவர் என்னை ஐயா என்று கூப்பிடவில்லை, டாக்டர் என்றுதான் கூப்பிட்டார். கடைசிவரை அப்படித்தான். ஆனால் சந்தேகமான ஸ்லைடு வந்தால் ஆள் அனுப்புவார். நான் போனதும் லேப்பில் இருந்த ஒரே நாற்காலியிலிருந்து எழுந்து எனக்கு இடம் விடுவார். தான் நினைப்பதை முதலில் சொல்லமாட்டார். "நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க டாக்டர், பொறவு நான் சொல்லுதேன்" என்பார். நான் தவறாகச் சொன்னால், "இன்னொரு தடவ பாருங்க" என்று கண்ணாடியை வெயில் பக்கம் திருப்பித் தருவார். அப்படிப் பதினாறு வருஷம் பார்த்தோம். பழி சுமத்தியவன் பக்கத்தில் நின்று, அவன் மறுபடி தவறிவிடாமல் பார்த்துக்கொண்ட மனிதர் அவர். அந்தப் பதினாறு வருஷத்தில் நான் எழுதிய ரத்த அறிக்கைகளில் பிழை குறைவு என்றால், அதற்கான நன்றி அவருக்கு உரியது.